மஞ்சள் எட்டும் இடமும் எட்டாத இடமும்

குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் மேசைக்கு இரண்டு வகைச் சீட்டுகள் வருகின்றன. ஒன்று, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981 முதல் இயங்கிவரும் மண்டலப் புற்றுநோய் மையத்தின் சீட்டு; எங்கள் பக்கத்தில் அதை ஆர்.சி.சி. என்றுதான் சொல்வார்கள். மற்றொன்று, ஆசானோ வைத்தியரோ கையால் எழுதிக்கொடுக்கும் கஷாயச் சீட்டு. வாயிலோ நாக்கிலோ தொண்டையிலோ குரல்வளையிலோ புற்று வந்த வீடுகளிலிருந்து இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. 1956-ல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த இந்த வட்டங்களில், பெரிய நோய் என்றால் ரயிலேறித் திருவனந்தபுரம் போவதும், போகும் முன்னும் வந்த பின்னும் ஊர் ஆசானிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் பழகிப்போன ஒன்று. அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இப்போது நுழைந்திருக்கிறது: கைப்பேசியில் யாரோ அனுப்பிய செய்தியைக் காட்டி, மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் மாத்திரை இருக்கிறதா, அது நோயைக் கழுத்துக்குப் பரவவிடாமல் தடுக்குமாமே என்ற கேள்வி.

கடையில் நின்றுகொண்டு இதற்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். சுருக்கமான விடை இதுதான். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கப்படும் புற்றுச் செல்களின் நகர்வை மஞ்சள் உள்ளிட்ட பல செடிகளின் சேர்மங்கள் உண்மையாகவே மட்டுப்படுத்துகின்றன. வாயின் மேற்பரப்பில் நேரடியாகப் படும்போது அவற்றால் ஓரளவு பயன் கிடைக்கக்கூடும் என்பதற்குத் தடயங்கள் உண்டு. ஆனால் விழுங்கிய மாத்திரை வயிற்றின் வழியாகப் போய், கழுத்து நெறிக்குள், அதாவது நிணநீர்க் கணுவுக்குள், குடியேறிவிட்ட நோயைத் தடுத்து நிறுத்தியதாக மனிதர்களிடம் யாரும் நிறுவிக்காட்டவில்லை. விரிவான விடைக்கு, பரவுதல் என்பது எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தலை, கழுத்துப் பகுதியில் வரும் புற்றுகளில் பத்தில் ஒன்பது, வாய்க்கும் தொண்டைக்கும் உள்பூச்சாக இருக்கும் தட்டையான செல்களில் தொடங்குபவை. அந்தச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய படலத்தின் மேல் வரிசையாக அமர்ந்திருப்பவை. அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் புரதத்துக்கு ஈ-கேடரின் என்று பெயர். புற்றாக மாறிய செல்களில் சில இந்தப் புரதத்தைக் குறைத்துக்கொண்டு, விமென்டின் போன்ற, ஊர்ந்து செல்லும் செல்களுக்கே உரிய புரதங்களைக் கூட்டிக்கொள்கின்றன; அதாவது கூட்டத்தோடு அமர்ந்திருந்த செல், தனியே நடமாடும் செல்லாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பிறகு எம்.எம்.பி.-2, எம்.எம்.பி.-9 என்ற நொதிகளைச் சுரந்து அடித்தளச் சவ்வில் உள்ள கொலாஜனைக் கரைத்து, கீழே இறங்கி, நிணநீர் நாளங்களுக்குள் புகுந்து கழுத்தை அடைகிறது. நரம்பின் உறையை ஒட்டியே ஊர்ந்து போகும் செல்களும் உண்டு. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று நம் ஊரில் சொல்லும் வீக்கம் பல சமயம் சாதாரணக் கிருமித்தொற்றால் வருவதுதான்; வாயில் ஆறாத புண்ணோடு, வலியில்லாமல், கல்லாட்டம் கெட்டியாக ஒரு நெறி தங்கிவிட்டால் அது வேறு கதை.

அந்த ஒரு நெறி எவ்வளவு முக்கியம் என்றால், புற்று கழுத்துக் கணுவை எட்டிவிட்டாலே பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது அறுவை மருத்துவர்களின் நீண்ட கால அனுபவம். நாக்கிலோ கன்னத்திலோ உள்ள புற்று எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது பரவலை அதிகம் முன்னறிவிப்பதால், 2018 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு நிலைப்பகுப்பு முறையில் 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்ற ஆழ அளவுகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அனில் டி குரூஸ் தலைமையில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. கழுத்தில் நெறி எதுவும் தட்டுப்படாத தொடக்கநிலை வாய்ப்புற்று நோயாளிகளுள், வாய்ப்புண்ணை அகற்றும்போதே கழுத்துக் கணுக்களையும் எடுத்துவிட்டவர்களில் 3 ஆண்டுகளுக்குப் பின் 80 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தார்கள்; நெறி வந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டவர்களில் அது 67.5 விழுக்காடு. பரவலைத் தடுப்பது என்று பேசும் எந்த மருந்தும், அது செடியிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும், இந்தப் பன்னிரண்டரை விழுக்காட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட வேண்டியது.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். செடிச் சேர்மம் ஒன்று புற்றின் பரவலைத் தடுக்கிறது என்று செய்தியில் படித்தால், அநேகமாக அது இரண்டு சோதனைகளில் ஒன்றின் முடிவாக இருக்கும். முதலாவதில், கிண்ணத்தின் அடியில் செல்களை இடைவெளியில்லாத ஒரே அடுக்காக வளர்த்து, நுண்குழாயின் முனையால் நடுவே ஒரு கோடு கீறுகிறார்கள். கீறிய இடத்தில் செல்கள் வழிக்கப்பட்டுப்போய் ஒரு வெற்றுப் பாதை தெரியும். இரு கரைகளிலும் உள்ள செல்கள் ஊர்ந்துவந்து ஒரு நாளுக்குள் அந்தப் பாதையை மூடிவிடும். சேர்மத்தைக் கலந்த கிண்ணத்தில் பாதை மூடாமல் கிடந்தால், நகர்வு தடைப்பட்டது என்று பொருள். இரண்டாவதில், 8 மைக்ரோமீட்டர் அளவுத் துளைகள் கொண்ட சவ்வின் மேல், எலியின் கட்டி ஒன்றிலிருந்து எடுக்கப்படும் கூழைப் பூசி, அதை அடித்தளச் சவ்வாகப் பாவித்து, எத்தனை செல்கள் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வருகின்றன என்று எண்ணுகிறார்கள். இரண்டும் நல்ல சோதனைகள். ஆனால் கிண்ணத்தில் கல்லீரலும் இல்லை, குடலும் இல்லை, சேர்மம் தானாகவே செல்லின் மேல் போய் விழுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தச் சோதனைகளில் தேறிய சேர்மங்களின் வரிசை பெரியது. குர்குமின், அழற்சியைத் தூண்டிவிடும் என்.எஃப்.-கப்பா-பி என்ற செல் விசையை அடக்குகிறது. அதன் வழியாக எம்.எம்.பி. நொதிகளின் சுரப்பும் குறைகிறது. அமுக்கராவில் உள்ள விதாஃபெரின்-ஏ, மேலே சொன்ன விமென்டின் புரதத்தையே நேரடியாகப் பற்றிக்கொள்கிறது என்று 2007-ல் காட்டப்பட்டது. பச்சைத் தேயிலையின் ஈ.ஜி.சி.ஜி., மரமஞ்சளின் பெர்பெரின் ஆகியவையும் இதே பட்டியலில் வருகின்றன. மரமஞ்சளைப் பற்றி ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன்: அகத்தியமலைத் தொடரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மரங்களைப் பற்றி ஏறும் அந்தக் கொடி பருக்கப் பல ஆண்டுகள் ஆகும், மேற்குத் தொடர்ச்சி மலையில் அது ஏற்கெனவே அழியும் நிலையில் இருக்கிறது, ஆய்வகத்தில் வேதியியல் முறையிலேயே செய்துகொள்ளக்கூடிய பெர்பெரினுக்காகக் காட்டுக் கொடியை வெட்டிவருவது எந்த வகையிலும் நியாயமில்லை.

வேம்பின் நிம்போலைடு எனக்குத் தனிப்பட்ட முறையில் ஆர்வமூட்டும் சேர்மம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையினர் இதை ஹாம்ஸ்டர் என்ற சிறு கொறித்துண்ணியிடம் நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த விலங்குக்கு இரண்டு கன்னங்களிலும் தீனியை அடக்கிவைக்கும் பை உண்டு; அந்தப் பையின் உட்புறத்தில் புற்றூக்கி வேதிப்பொருளைத் தொடர்ந்து தடவிவந்தால், நம் ஊரில் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிவைப்பவர்களுக்கு வருவதைப் போன்ற புற்று அதே இடத்தில் வருகிறது. நிம்போலைடு கொடுக்கப்பட்ட விலங்குகளில் கட்டி உருவாவதும், ஊடுருவலுக்கும் புதிய இரத்த நாளங்கள் முளைப்பதற்கும் காரணமான புரதங்களும் குறைந்திருந்தன. தென்னாட்டு வாய்ப்புற்றுக்கு இவ்வளவு நெருக்கமான விலங்கு மாதிரி வேறில்லை. இருந்தும், தூய்மைப்படுத்தி அளந்து கொடுக்கப்பட்ட நிம்போலைடு வேறு, வேப்பங்கொழுந்தை அரைத்து விழுங்குவது வேறு. கொழுந்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பது மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும்.

அளவு என்ற இந்த விஷயத்தில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. கிண்ணத்துச் சோதனைகளில் குர்குமின் பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் செறிவில் பயன்படுத்தப்படுகிறது. தைவானில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், வாயில் புற்றுக்கு முந்தைய வெள்ளைப் படலம் உள்ளவர்கள் உட்படப் பல நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வரை தூய குர்குமின் கொடுக்கப்பட்டது. அந்த உச்ச அளவிலும் இரத்தத்தில் தென்பட்ட செறிவு சராசரியாக 1.77 மைக்ரோமோலார், அதுவும் விழுங்கிய ஓரிரு மணி நேரத்தில் எட்டிப் பிறகு இறங்கிவிடுவது. குடற்சுவரும் கல்லீரலும் குர்குமினோடு வேறு மூலக்கூறுகளைப் பிணைத்து உடனுக்குடன் வெளியேற்றிவிடுவதுதான் காரணம். சாதாரண மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கும் மேலான தூளை ஒரே நாளில் உண்ண வேண்டியிருக்கும். குர்குமின் செறிவுக்குப் பெயர்போன ஆலப்புழை மஞ்சளாக இருந்தாலும் 120 கிராமுக்குக் குறையாது. பாலில் அரைக் கரண்டி மஞ்சள் போட்டுக் குடிப்பது நல்ல பழக்கமாகவே இருக்கட்டும். புற்றின் நகர்வைத் தடுக்கும் அளவு அதுவன்று.

இந்தத் தடையைத் தாண்டத்தான் மிளகின் பைப்பெரினைச் சேர்க்கிறார்கள். பெங்களூரில் 1998-ல் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பெரினைச் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் கிடைக்கும் அளவு 2000 விழுக்காடு கூடியது. கடைக்கு வரும் டப்பாக்களில் எல்லாம் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். மிகச் சிறிய ஒன்றை இருபது மடங்காக்கினாலும் அது பெரிதாகிவிடாது என்பதை டப்பா சொல்வதில்லை. பைப்பெரின் அதை எப்படிச் சாதிக்கிறது என்பதையும் சொல்வதில்லை: அன்னியப் பொருள்களை வெளியேற்றும் உடலின் பொறியை அது மந்தப்படுத்துகிறது. அப்படி மந்தப்படும்போது குர்குமின் மட்டும் தங்குவதில்லை. அதே வழியில் வெளியேற வேண்டிய மற்ற மருந்துகளும் தங்கக்கூடும். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரிடத்தில் இது சிறிய விஷயமன்று. அதைச் சற்றுப் பின்னால் எழுதுகிறேன்.

குர்குமின் ஆய்வுகளைப் பற்றி வேதியியலாளர்களுக்கே ஒரு மனக்குறை உண்டு. அந்த மூலக்கூறு தன்னளவிலேயே ஒளிர்வது, நிலையில்லாதது, பல புரதங்களோடு தற்செயலாக ஒட்டிக்கொள்வது. அதனால் பல சோதனைகளில் வேலைசெய்வதுபோன்ற தோற்றத்தை அது தந்துவிடுகிறது என்று 2017-ல் அமெரிக்க மருந்து வேதியியலாளர்கள் சிலர் விரிவாக எழுதினார்கள். அதற்காக மஞ்சளை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் கட்சியன்று. வயிற்றின் வழியாகப் போவதில்தான் இவ்வளவு சிக்கலும். வாய்ப்புற்றோ வாயில் இருக்கிறது. கையால் தொடக்கூடிய, மருந்தைத் தடவக்கூடிய இடத்தில் இருக்கிறது. கணையத்துக்கும் நுரையீரலுக்கும் இல்லாத வசதி இது.

இந்த வசதியைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. திருச்சூர் அமலா புற்றுநோய் மருத்துவமனையில் ராமதாசன் குட்டனும் உடனிருந்தோரும் 1987-லேயே, வெளியே தெரியும் புற்றுப்புண்கள் உள்ள 62 பேருக்கு மஞ்சள் சாற்றையும் குர்குமின் களிம்பையும் தடவிப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு நாற்றம் குறைந்தது, அரிப்பு ஏறக்குறைய எல்லோருக்கும் குறைந்தது. புண்ணின் அளவும் வலியும் குறைந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். கன்னம் துளைத்துப் புண் வெளியே வந்த நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் வீட்டாருக்கு நாற்றம் குறைவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த முதல் எண்ணின் அருமை புரியும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், எலிகளுக்குப் பொருத்திய தலை-கழுத்துப் புற்றின் மேல் குர்குமின் பசையைத் தடவி வளர்ச்சி குறைந்ததைக் கண்டவர்கள், 2011-ல் 21 நோயாளிகளைக் குர்குமின் மாத்திரையை விழுங்கவிடாமல் மெல்லவைத்து, முன்னும் பின்னும் உமிழ்நீரை எடுத்துப் பார்த்தார்கள், என்.எஃப்.-கப்பா-பி விசையை இயக்கும் நொதியின் செயல் உமிழ்நீரில் குறைந்திருந்தது. சில நிமிட மெல்லுதலுக்கே அந்த விளைவு. ஓஹையோவில் கறுப்பு ராஸ்பெரிப் பழத்தூளை ஒட்டும் கூழாக்கி, வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் உள்ளவர்களுக்குத் தடவச்செய்த ஆய்விலும் படலத்தின் அளவு குறைந்தது.

புற்றுக்கு முந்தைய வெள்ளைப் படலத்தில் மஞ்சளின் வேலையை மிகக் கறாராக அளந்தது, கேரள மருத்துவர்கள் பங்கேற்று 2016-ல் வெளிவந்த ஆய்வு. 223 பேர், ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 3.6 கிராம் குர்குமின், மறுபாதியினருக்குப் போலி மாத்திரை, 6 மாதம், யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. குர்குமின் பெற்றவர்களில் 67.5 விழுக்காட்டினருக்குப் படலம் குறைந்தது. போலி மாத்திரை பெற்றவர்களிலோ 55.3 விழுக்காட்டினருக்குக் குறைந்தது. இந்த இரண்டாவது எண்ணைப் பலமுறை படிக்க வேண்டும் என்பேன். வெறும் மாவு மாத்திரையிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குறைகிறதென்றால், என் மருந்தில் உன் வெள்ளை மறைந்தது பார் என்று யாரும் மார்தட்டிக்கொள்ள முடியாது. இரண்டு பிரிவுக்கும் இடையில் உள்ள 12 விழுக்காடு மஞ்சளின் பங்கு. ஆனால் திசுவை எடுத்து நுண்நோக்கியில் பார்த்தபோது வேறுபாடு தெளிவாக இல்லை. ஆர்.சி.சி.யிலேயே 1995-ல் வெளியிட்ட ஆய்வில், வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் ஸ்பைருலினாப் பாசியை ஓர் ஆண்டு கொடுத்ததில் 44 பேரில் 20 பேருக்குப் படலம் முழுவதும் மறைந்தது. நிறுத்திய ஓராண்டுக்குள் அந்த 20 பேரில் 9 பேருக்குத் திரும்பி வந்துவிட்டது.

செடியிலிருந்து வந்த சேர்மங்கள் எதுவுமே பரவிய நோயிடம் வேலைசெய்வதில்லை என்று இதுவரை எழுதியதைப் படித்து யாரும் எண்ணிவிடக் கூடாது. வேலைசெய்பவை இருக்கின்றன, அவற்றைத்தான் கீமோ என்ற பெயரில் கையில் ஊசி குத்தி ஏற்றுகிறார்கள். பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962-ல் சேகரித்துத் தொடங்கிய வேலையில், மன்றோ வாலும் மன்சுக் வானியும் 1971-ல் பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தின் கட்டமைப்பை வெளியிட்டார்கள். செல்லின் உள்ளே சாரம்போல் இருக்கும் நுண்குழல்களைக் கலையவிடாமல் அது இறுக்கிவிடுகிறது என்பதை 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். நுண்குழல்கள் கலைந்து சேராமல் செல் பிரியவும் முடியாது, ஒழுங்காக நகரவும் முடியாது. ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து கிடைக்கும் மூலப்பொருளை மாற்றியமைத்து வந்ததுதான் டோசிடாக்செல். இலையிலிருந்து எடுப்பதால் மரம் சாவதில்லை. சிஸ்பிளாட்டின், ஃப்ளூரோயுராசில் ஆகிய இரண்டு கீமோ மருந்துகளோடு டோசிடாக்செலையும் சேர்த்தால் முற்றிய தலை-கழுத்துப் புற்றுநோயாளிகள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று 2007-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று 2023-ல் டாட்டா நினைவு மருத்துவமனையிலிருந்து வந்தது. சிறுநீரகக் கோளாறு, காது மந்தம், தளர்ந்த உடல் முதலிய காரணங்களால் சிஸ்பிளாட்டின் தாங்காதவர்கள் நம் ஊர்களில் நிறைய. அப்படிப்பட்ட 356 பேரில் ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தார்கள். மறுபிரிவினருக்குக் கதிர்வீச்சோடு வாரம் ஒருமுறை சிறிய அளவில் டோசிடாக்செலும் கொடுத்தார்கள். 2 ஆண்டுகளுக்குப் பின் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 30.3 விழுக்காடு, இரண்டாவதில் 42 விழுக்காடு. உயிருடன் இருந்தவர்கள் 41.7 விழுக்காட்டிலிருந்து 50.8 விழுக்காடாகக் கூடினார்கள். மஞ்சள் மாத்திரையை இயற்கை என்று நம்பி வாங்கி, கீமோவைச் செயற்கை விஷம் என்று அஞ்சும் வாடிக்கையாளரிடம் இந்த மரத்தின் கதையை நான் சொல்வதுண்டு. நம் வீட்டு வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியும் அப்படித்தான். இரத்தப்புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் தரப்படும் வின்கிறிஸ்டினும் வின்பிளாஸ்டினும் அதிலிருந்து வருபவை. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ அரை டன் காய்ந்த இலை வேண்டும் என்பார்கள். அந்த இலையைக் கைப்பிடி அளவு இடித்துக் கஷாயம் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, அதில் மருந்தின் பலன் கிடைக்காது, நஞ்சின் பாதிப்பு கிடைக்கலாம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

இயற்கை என்ற சொல்லுக்கு முன்னால் மயங்கி நிற்பவர்கள், வெற்றிலை பாக்கு விற்கும் முறுக்கான் கடையை ஒருமுறை உற்றுப்பார்க்கலாம். அங்கே தொங்குவதெல்லாம் செடிகள்தாம். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றூக்கி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் வெளியிட்ட தொகுப்பில் உறுதிசெய்தது. பாக்கின் அரெகோலின் வாய்த் திசுவை நாராக இறுக்கி, விரல் நுழையாத அளவுக்கு வாயைக் குறுக்கிவிடுகிறது. சுண்ணாம்பின் காரம் பாக்கின் சேர்மங்களோடு சேர்ந்து, செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அதே தாம்பாளத்தில் இருக்கும் வெற்றிலையிலோ புற்றுச் செல்களை ஒடுக்கும் ஹைட்ராக்சிசவிக்கால் என்ற சேர்மம் இருக்கிறது. பாக்கையும் புகையிலையையும் விட்டுவிட்டு வெற்றிலையை மட்டும் மெல்லும் ஆளை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை.

சிகிச்சையின் நடுவே சேர்க்கப்படும் சத்து மாத்திரைகளையும் செடிச் சேர்மங்களையும் பற்றி இரண்டு செய்திகளைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். கனடாவின் கியூபெக்கில் தலை-கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் ஈ மாத்திரையும் தொடக்கத்தில் பீட்டா கரோட்டினும் கொடுத்துப் பார்த்தார்கள். நோயைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2005-ல் வெளியான முடிவுகளின்படி, மாத்திரை எடுத்துக்கொண்ட காலத்தில் அவர்களுக்கு இரண்டாவது புற்று வருவது கூடியிருந்தது, நோய் திரும்புவதும் கூடும் போக்கிலேயே இருந்தது. கதிர்வீச்சு புற்றுச் செல்லைக் கொல்வது பெரும்பாலும் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் உதவியால்தான். அவற்றை அணைக்கும், வைட்டமின் ஈ போன்ற எதிர்-ஆக்சிஜனிகளைச் செறிவாக விழுங்கினால் காப்பாற்றப்படுவது எந்தச் செல் என்று யார் சொல்ல முடியும்?

இரண்டாவது, சுக்கு, மிளகு, திப்பிலி. திரிகடுகம் சேராத கஷாயச் சீட்டு அபூர்வம். மிளகிலும் திப்பிலியிலும் பைப்பெரின் இருக்கிறது. டோசிடாக்செலைக் கல்லீரலில் சிதைக்கும் அதே நொதியைப் பைப்பெரின் தடுக்கிறது. ரசத்தில் போடும் மிளகைப் பற்றி நான் பேசவில்லை; பைப்பெரினைச் செறிவாக அடைத்த மாத்திரையையும், நாள்தோறும் மூன்று வேளைத் திரிகடுகச் சூரணத்தையும் பற்றிப் பேசுகிறேன். மருந்து இரத்தத்தில் கூடுதலாகத் தங்கினால் வெள்ளணுக்கள் அளவுக்கு மேல் விழும், காய்ச்சல் வரும், அடுத்த கீமோ தள்ளிப்போகும். சீந்தில் சாறு குடித்துக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதியது பலருக்கு நினைவிருக்கும். அரிஷ்டங்களில் தானாக ஊறும் சாராயம் 5 முதல் 10 விழுக்காடு வரை இருப்பதை லேபிளிலேயே பார்க்கலாம். கரண்டு வைத்து (கதிர்வீச்சைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள்) வாயெல்லாம் புண்ணாகியிருக்கும் ஒருவர் அதைக் கொப்பளித்து விழுங்குவது எவ்வளவு வேதனை.

சில மாதங்களுக்கு முன் இளம்பெண் ஒருவர் குர்குமின் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, “சாரே, மாமாக்கு இந்தக் குளிகைய ரெண்டு நேரம் குடுக்கவா, மூணு நேரம் குடுக்கவா? ஆசான் மீனும் முட்டையும் ஆகாதுன்னு சொல்லியிருக்காரு, கஞ்சிதான் குடுக்கோம்” என்றார். அவருடைய மாமனாருக்குக் கன்னத்தில் அறுவை முடிந்து கரண்டு வைக்கும் காலம். எனக்கு டப்பாவைவிடப் பத்தியம்தான் கவலை தந்தது. கதிர்வீச்சு 6 அல்லது 7 வாரம் நடக்கும். அது தொடங்கும் முன்பே முகத்துக்கு அச்சாக ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்து, ஒவ்வொரு நாளும் அதை மாட்டி, கதிரை மில்லிமீட்டர் கணக்கில் குறிவைக்கிறார்கள். உடம்பு மெலிந்தால் முகமூடி தளர்கிறது, குறி நகர்கிறது, புதிதாக அளவெடுக்க நாள் போகிறது. சிகிச்சை இடையில் நின்றுபோகும் ஒவ்வொரு நாளுக்கும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கு மேல் குறைவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவும், முள் நீக்கி மசித்த மீனும் அந்த மனிதருக்கு அப்போது எந்தச் சூரணத்தையும்விடப் பெரிய மருந்து. அதைச் சொன்னேன், டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஆர்.சி.சி.யில் மருத்துவரிடம் கஷாயச் சீட்டையும் மறைக்காமல் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். பலர் அதை மறைத்துவிடுகிறார்கள். திட்டுவார்கள் என்ற பயம்தான். திட்டாமல் கேட்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

பரவலைத் தடுப்பதில் மஞ்சளுக்கு எங்கே இடம் இருக்கக்கூடும் என்று என்னைக் கேட்டால், வாய்ப்புற்றுக்கு அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து, புகையிலையையும் பாக்கையும் விட்டவர்களின் வாயைத்தான் காட்டுவேன். பல்லாண்டு புகையிலை பட்ட வாயில், அகற்றிய இடம் தவிர மற்ற இடங்களிலும் செல்கள் ஏற்கெனவே மாறத்தொடங்கியிருக்கும். அதனால்தான் சில ஆண்டுகள் கழித்து எதிர்க் கன்னத்தில் புதிதாக ஒன்று முளைக்கிறது. அந்த இடங்களில் நாள் முழுதும் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குர்குமினை விடும் மெல்லிய பட்டையோ கூழோ செய்து, போலிப் பட்டை ஒட்டப்பட்ட இன்னொரு பிரிவோடு ஒப்பிட்டு, படலம் மறைந்ததா என்பதோடு நில்லாமல் புதிய புற்று வந்ததா, கழுத்தில் நெறி வந்ததா என்று 5 ஆண்டுகள் பார்க்க வேண்டும். அதற்கான நோயாளிகளும், அவர்களைப் பின்தொடரும் அனுபவமும் இந்தப் பகுதியில் இருக்கின்றன. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிப் பகுதிகளில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு அதனால் 34 விழுக்காடு குறைந்ததாக 2005-ல் எழுதினார்கள். அப்படி ஊர் ஊராகப் போகத் தெரிந்தவர்களின் கையில் அந்தப் பட்டையைக் கொடுத்துப் பார்க்கலாம். அதுவரை குர்குமின் டப்பா என் கடையில் சத்து மாத்திரைகளின் அடுக்கில்தான் இருக்கும். புற்றுநோய் மருந்துகளின் அடுக்குக்கு அதை நான் மாற்றப்போவதில்லை.